மஞ்சள் விளக்கைப் படம் எடுக்கும் தம்பிகளுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கார்களைக் கூட்டிக்கொண்டு வால்பாறை மலையேறும் தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம். பொள்ளாச்சி சாலையில் டயர் கடை வைத்திருப்பவள் நான். உங்களில் நாலைந்து பேருக்கு என் முகம் தெரியும். மற்றவர்களின் டயர்களை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போது, போட்டு ஓராண்டுகூட ஆகாத முன்சக்கர டயர்கள் வழுக்கைத் தலையாக வந்து நின்றால், நேற்று எங்கே போனீர்கள் என்று நான் கேட்பதில்லை. பில் போடும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பேன்.

உங்கள் குழுவின் புது வழக்கத்தை என் அக்கா மகன் போன வாரம் கைப்பேசியில் காட்டினான். ஆழியாறு சோதனைச் சாவடியைக் கடந்ததும் எல்லோரும், சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோலின் பொத்தானை அணைத்துவிட வேண்டுமாம். டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அனுப்பாதவனுக்குப் ‘பால்குடி’ என்று பட்டமாம். இந்த மடல் அந்த வழக்கத்தைப் பற்றியது.

அந்தப் பொத்தானை யாரும் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு ஐப்பசி மழையில், ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றில் இதே அக்கா மகனின் கார் சேற்றில் புதைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜினின் குரல் அடங்கிப்போனதே தவிர வண்டி நகரவில்லை. காரணம் எளிது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் அதே சென்சார்கள்தான் சக்கரம் வழுக்கிச் சுற்றுவதையும் கண்டுகொள்கின்றன. உடனே கணினி என்ஜினின் விசையைக் குறைக்கிறது, சுற்றும் சக்கரத்தில் பிரேக்கும் போடுகிறது. தார்ச் சாலையில் அது சரி. சேற்றில் சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் டயரின் பள்ளங்களில் அப்பிய மண் உதிர்ந்து பிடி கிடைக்கும். பொத்தானை அணைத்து, சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டைகளைப் போட்டு, இரண்டாம் கியரில் மெல்ல ஏற்றினோம். வெளியே வந்ததும் பொத்தானை மறுபடி அழுத்தச் சொன்னேன். பொத்தான் அங்கே இருப்பதே இப்படிப்பட்ட வேளைகளுக்காகத்தான்.

‘உண்மையான பந்தய ஓட்டுநர்கள் இதையெல்லாம் வைத்துக்கொள்வதில்லை’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நம் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராகக் களமிறங்கியபோது, அந்தப் பந்தயத்தில் ட்ராக்ஷன் கன்ட்ரோல் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2008இல்தான் அதற்குத் தடை வந்தது. தடைக்குப் பின் ஓட்டுநரின் வலது கால் மீண்டும் முழுப் பொறுப்பை ஏற்றது உண்மைதான். ஆனால் அந்தத் தடத்தில் எதிரே பஸ் வருவதில்லை. ஒன்பதாம் வளைவில் வரையாடு நிற்பதுமில்லை.

இனி என் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் காரும் உங்கள் கார்களின் ரகம்தான்: டர்போ என்ஜின், முன்சக்கர இழுவை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. காலையில் சாலை காலியாக இருக்கிறதே என்று பொத்தானை நானும் அணைத்தேன். யாருக்கும் படம் அனுப்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இடப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் முன்னதாகவே ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டேன். உள்பக்கச் சக்கரம் ‘விர்’ரென்று சுற்றியது. ஸ்டீயரிங் கையில் இலேசாகிவிட்டது, ஏதோ பொம்மை வண்டியின் ஸ்டீயரிங் போல. வண்டியின் மூக்கு திரும்ப மறுத்து, நேரே எதிர்ப் பாதைக்குள் போனது. மேலிருந்து பஸ் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் எனக்கு முன்பே என் முட்டாள்தனத்தைக் கண்டுகொண்டு நிறுத்திவிட்டார். அவர் திட்டவில்லை. கண்ணாடியை இறக்கி, ‘போங்கம்மா’ என்றார். அது திட்டியதைவிட மோசம்.

அன்று நடந்தது என்ன? எங்கள் ஊரில் பங்குக் கிணறு என்றால் அண்ணனும் தம்பியும் முறை வைத்துத்தான் நீர் பாய்ச்சுவார்கள். அண்ணன் வயலுக்கே முழு மோட்டாரும் ஓடினால் தம்பி வயல் காயும். டயரின் பிடியும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். வண்டியை முன்னே தள்ளுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், வளைவில் திரும்புவதற்கும் அதிலிருந்துதான். நான் முழுவதையும் தள்ளுவதற்கே செலவழித்தேன், திரும்ப ஒன்றும் மிஞ்சவில்லை. பின்சக்கர இழுவை வண்டியாக இருந்திருந்தால் மூக்குக்குப் பதில் வால் வெளியே போயிருக்கும், அவ்வளவே. ட்ராக்ஷன் கன்ட்ரோல் கிணற்றில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் கூட்டுவதில்லை. ‘போதும், மோட்டாரை நிறுத்து’ என்று சொல்லும் பெரியவர் அது. வழுக்கை டயரோடு போனால் அந்தப் பெரியவராலும் ஒன்றும் செய்ய முடியாது. சட்டம் கேட்பது குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம். மழைக்காலத்தில் நான் அதற்கு மேலேயே மாற்றச் சொல்வேன். வியாபாரத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் இன்னொன்றையும் கவனித்தேன். பல கார்களில் பொத்தானை ஒருமுறை தட்டினால் ட்ராக்ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் வண்டி சுழலாமல் காக்கும் இஎஸ்பியும் சேர்ந்து அணைந்துவிடும். எந்த வண்டியில் எது என்பது அதன் கையேட்டில் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் எதை அணைத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது என்பது என் சந்தேகம். விளக்கு எரிந்தது, படம் கிடைத்தது, போதும் என்றிருக்கிறீர்கள். அந்த விளக்கு அணைக்காமலே சில சமயம் மினுக்குமே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரம் இப்போது வழுக்குகிறது என்று அர்த்தம். மலையில் எனக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. மினுக்கினால் காலைத் தளர்த்துவேன்.

வழுக்கலைக் கற்க ஆசை என்றால் அது நல்ல ஆசை. அதற்குச் செட்டிபாளையம் இருக்கிறது. மாருதி என்ஜினைப் போட்டுக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டி, காசில்லாத பிள்ளைகளுக்கும் கதவு திறந்த கரிவரதனின் பெயரில் 2003இல் வந்த ஓட்டத் தடம் அது. ஓட்டிப் பார்க்க நாள் கிடைக்கும்போது பணம் கட்டி, தலைக்கவசம் போட்டு, அங்கே பொத்தானை அணையுங்கள். அந்த பஸ் சம்பவத்துக்குப் பிறகு நானும் போனேன். மூன்றாவது சுற்றில் வண்டி சுழன்று புல்லில் நின்றது. கொடி பிடித்திருந்த பையன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

ஆகவே ஆழியாற்றுப் படப் போட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிடுங்கள். கட்டாயம் ஏதாவது படம் போட்டே ஆக வேண்டுமென்றால், காற்றழுத்த அளவியைப் படம் எடுத்துப் போடுங்கள். சனிக்கிழமை மாலை கடைக்கு வந்தால் நான்கு சக்கரத்துக்கும் நானே பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு பையன்கள் கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சி சாலை டயர் கடைக்காரி