அப்பாவுக்கு முகச்சவரம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. பாண்டிக்கும் இங்கேயும் ஒரு மணி நேர பஸ்தான், நேரில் வந்தாவது சொல்லியிருக்கலாம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். தை மாதக் கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது. அம்மா சமாளித்துக்கொள்கிறாள். பிள்ளைகள் நலம். நெட்டையன் வாரம் ஒருமுறை வந்து போகிறான்.

நான் எழுத உட்கார்ந்தது அப்பாவின் தாடியைப் பற்றி.

அவரை ஒரு நாளாவது முள்தாடியோடு பார்த்திருக்கிறாயா? காலை ஆறு மணிக்குத் திண்ணைத் தூணில் கண்ணாடி தொங்கும். தலைக்குத்தான் சலூன், முகத்துக்கு என் கை என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள், நரைத்த தாடியை இடது கையால் தடவித் தடவி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, செல்வா.

மச்சான் மின்சார ஷேவர் வாங்கி வந்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, அதுதான் பாதுகாப்பு என்று டாக்டரும் சொன்னார். சத்தம் கேட்டதுமே அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலமாரியைக் காட்டினார். அங்கே அவருடைய தகரப் பெட்டி: ரேசர், பிரஷ், செவன் ஓ கிளாக் பிளேடு, பாதி தேய்ந்த படிகாரக்கல்.

அடுத்தவர் முகத்தில் கத்தி வைப்பது வேறு வேலை. எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று நம் முகம் நமக்குச் சொல்லும், அவர் முகம் என் கைக்குச் சொல்லவில்லை. முதல் நாள் தாடையில் கீறிவிட்டேன். ரத்தம் நிற்கவே இல்லை. படிகாரத்தை நனைத்து வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தேன். சுருங்கிய தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், வெந்நீர்த் துணியை நன்றாகப் போட்டு வைத்தால் முடி தண்ணீரைக் குடித்து இளகும், முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் கை பழகியது.

அப்புறம் தூக்கம் வராத இரவுகளில் இதைப் பற்றியே படிக்க ஆரம்பித்தேன். உன் பிரெஞ்சுக்காரர்களிடம்தான் கதை தொடங்குகிறது. ஆண்கள் தாமே சவரம் செய்துகொள்ளக் கற்றுத்தர, ழான் ழாக் பெர்ரே என்கிற பாரிஸ் கத்திக் கொல்லர் 1769இல் ஒரு புத்தகமே எழுதினார். தச்சனின் இழைப்புளியைப் போல, கத்திக்கு மரத்தில் ஒரு காப்பு வைத்தார். ஆங்கிலேயர் 1761இல் இடித்துத் தள்ளிய பாண்டிச்சேரியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு அமெரிக்காவில், தேய்ந்தால் தூக்கி எறிகிற பிளேடைக் கொண்டுவந்த ஜில்லெட். 1903இல் அவர் விற்றது மொத்தம் 51 ரேசர், 168 பிளேடு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் 35 லட்சம் ரேசர்களைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அப்பாவின் திண்ணைக் கண்ணாடி வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்கு முன்னால் பெரும்பாலான முகங்கள் இன்னொருவர் கையில்தான் இருந்தன. அந்தக் கை சவரத்தோடு நிற்கவில்லை. கட்டியைக் கீறியது, காயத்துக்குக் கட்டுப் போட்டது. பிரான்சில் அறுவை மருத்துவரையும் நாவிதரையும் 1743இல் அரசாணை போட்டுத்தான் பிரித்தார்கள். நம் ஊரில் நாவிதர்களை மருத்துவர், பண்டிதர், பரியாரி என்று அழைத்ததும் அந்த வைத்தியத்தால்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். நம் பாட்டன், முப்பாட்டன் பூமிக்கு வந்ததே அந்தக் கைகளில்தானே?

காலேஜில் 'என்ன சிரைக்கப் போறியா' என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! நான்தான் அதிகம் சொன்னேன். பிளேடை இரண்டாக முறித்து, பாதியைக் கத்தியில் செருகி, நம் கழுத்தை அவ்வளவு பத்திரமாகப் பிடித்தாரே அந்த சலூன் அண்ணன், அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். முடித்துவிட்டு முகத்தைத் துடைக்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணாடியைக் கேட்டார். வெகுநேரம் பார்த்தார். "கிருதா... ஏத்தம்" என்றார். இடது பக்கம் ஒரு நூல் ஏறித்தான் இருந்தது. இரண்டு பக்கத்தையும் சமமாக்கிக் காட்டிய பிறகுதான் விட்டார். மூன்று மாதத்தில் அவர் குறை கண்டுபிடித்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

சனிக்கிழமை வா. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வரும்போது பெரிய மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் ஒரு கட்டி வாங்கி வா. இருந்ததை நான் கரைத்துவிட்டேன்.

அன்புடன்,
மூர்த்தி