ஆணியில் தொங்கிய சாவிக்கு நன்றி

கடந்த வெள்ளிக்கிழமை அப்பாவின் 20ஆவது கதிர் சிகிச்சை, அதாவது கடைசியானது, முடிந்தது. ஆறப்போட்டால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்ற பயத்தில் உடனே எழுதுகிறேன்.

நடந்தவை உங்களுக்குத் தெரியும்: அப்பாவுக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். எலும்புக்குப் பரவிய பிறகு புரஸ்டேட் சுரப்பிக்குக் கதிர் வைத்து என்ன பயன் என்று கேட்ட உறவினர்கள் மீது எனக்குக் கோபமில்லை. நானும் அதையேதான் கேட்டேன். 2018இல் வெளியான, 2,061 பேர் பங்குகொண்ட ஆய்வொன்றில், எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் அந்தக் கதிர் ஆயுளைக் கூட்டவில்லை என்றும், பரவல் குறைவாக இருந்தவர்களில் மட்டும் மூன்றாண்டின் பின் உயிரோடிருந்தோர் 73 வீதத்திலிருந்து 81 வீதமாகக் கூடினர் என்றும் வைத்தியர் விளக்கினார். அப்பாவுக்கு எலும்பில் இரண்டே இடங்கள். ஆகவே ஹோர்மோன் ஊசியோடு இதுவும். முற்றாகக் குணமாகும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு நன்றி.

ஆனால் இம்மடல் பெரும்பாலும் வைத்தியசாலைக்கு அருகே தேநீர்க்கடை வைத்திருக்கும் அக்காவுக்கானது. குடலில் கதிர் அதிகம் படாதிருக்க, அப்பா தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பி, முறை வரும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாம் வாரமளவில் எரிச்சல் கூடி, போய்விட்டு வந்தாலும் களுவாஞ்சிக்குடி பஸ் ஏறுமுன் மறுபடி முட்டத் தொடங்கியது. ஒரு நாள் கடை வாசலில் சாரத்தைப் பிடித்தபடி நின்ற அப்பாவைக் கண்ட அக்கா, ஒன்றும் கேட்காமல் பின்பக்கக் கழிவறைச் சாவியைக் கையில் வைத்தார். மறுநாள் போனபோது, அதுவரை கல்லாப்பெட்டிக்குள் கிடந்த சாவி, வாசல் நிலையில் அப்பாவின் கைக்கு எட்டும் உயரத்தில் புதிதாக அடித்த ஆணியில் தொங்கியது. அதிபராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. அதை அக்கா எப்படி அறிந்தாரோ. சும்மா வந்து போகிறோமே என்று கூசி, ஒரு பிளேன்ரீக்குக் காசு வைத்தேன். "அவருக்கு இப்ப தேத்தண்ணி கூடாது தங்கச்சி, காச எடுங்க" என்றார்.

கதிர்ப்பிரிவு ஊழியர்கள், தாதியர், கதவோரச் சீற்றை ஒதுக்கித் தந்த பஸ் நடத்துநர், மதியச் சோறு அனுப்பிய அயலவர் எல்லோருக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

கடைசி நாளில் அப்பா சாவியை மாட்டி, அது ஆடி நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் நகர்ந்தார். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது பிளேன்ரீ குடிப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். அன்று காசு வாங்கித்தான் ஆக வேண்டும். ஆணியை மட்டும் பிடுங்கிவிட வேண்டாம் அக்கா. வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பின்னால் வரிசையில் இருந்த ஐயாவுக்கு அன்றுதான் மூன்றாவது நாள்.