உன் விளக்கு என் கூடத்தில்

அடியே கோமதி,

எட்டு மாதமாக எழுதாததற்குத் திட்டிக்கொள். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது, அதற்கும் சேர்த்துத் திட்டு. மொராக்கோவில் உனக்கென்று வாங்கிய பித்தளை விளக்கு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. இறக்க மனம் வரவில்லை.

ஃபெஸ் நகரில் கரவிய்யீன் நூலகத்தை ஒட்டியே செஃபாரின் சதுக்கம். நாள் முழுக்க டங் டங்கென்று செம்பும் பித்தளையும் தட்டுகிறார்கள். உள்ளே எப்படித்தான் படித்தார்களோ! ஆனால் அங்கே அண்டாவும் கெண்டியும்தான் அதிகம். விளக்கு வாங்கியது மராகேஷில்.

நீ கொடுத்த காந்தம் கைப்பையில்தான் இருந்தது, சிரிக்காதே. முதல் கடையில் 'அசல் பித்தளை' என்று சத்தியம் செய்தார்கள். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புக்குப் பூச்சு!

அப்புறம் ஒரு பட்டறை. ஒரு கிழவர் தகட்டில் உளியை வைத்து ஒவ்வொரு ஓட்டையாக அடித்துக்கொண்டிருந்தார். சதுரத்தின்மேல் சதுரத்தைத் திருப்பி வைத்த எட்டு முனை நட்சத்திரம், நூற்றுக்கணக்கில். நான் கேட்ட எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்தேன். விலையைப் பாதியாக அடித்துப் பணமும் கொடுத்த பிறகுதான் பேரன் சொன்னான்: தட்டித் தட்டியே தாத்தாவுக்குக் காது போய்விட்டதாம். அந்தப் பேரம் இன்னும் உறுத்துகிறது, கோமதி.

வீட்டில் பால்நிற எல்இடி பல்பைப் போட்டேன். சுவரில் வெறும் மங்கல். ஏமாந்தோம் என்றே நினைத்தேன். சின்னத் தெளிவான பல்பாக மாற்றியதும் சுவர், உத்தரம், உங்கள் அண்ணன் வழுக்கை எல்லாம் நட்சத்திரம்! வெளிச்சம் ஒரே புள்ளியிலிருந்து வந்தால்தான் நிழல் கூர்மையாக விழும் போலிருக்கிறது. ஜன்னல் பக்கத்து நட்சத்திரத்துக்கு ஒரு முனை கோணல். அந்த அடியின்போது கிழவருக்கு இருமல் வந்திருக்கும் என்பது என் கணக்கு. தினமும் அதைத்தான் முதலில் தேடுகிறேன்.

அதே மொராக்கோவில் தாஸா என்ற ஊரின் பெரிய பள்ளிவாசலில் 1294-இல் வந்த வெண்கலச் சரவிளக்கு இருக்கிறது. 514 எண்ணெய் விளக்குகள். முஸ்லிம் அல்லாத நம்மைப் போன்றவர்களை உள்ளே விடுவதில்லை. நம் வார்டனம்மா அங்கே இருந்திருந்தால் ஒன்பதரைக்கே அத்தனையையும் அணைத்திருப்பாள்.

சரி, சங்கரி கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? இங்கேயே தங்கு. விளக்கைக் கழற்றிக்கொண்டு போவதானால் தாராளமாகப் போ. ஏணி மட்டும் தரமாட்டேன்.

உன்,
வசந்தா