18 கிராம் தண்ணீர் எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் 1 பொதுத்தேர்வு ரத்தானதில் பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் 2 புத்தகத்தையே ஓட்டிய பள்ளிகள் இருந்ததால்தான் 2018 மார்ச்சில் அதை முதன்முதலாக நடத்தினார்கள். அந்தப் பழக்கம் மறுபடி தலைதூக்கினால் முதலில் அடிவாங்குவது வேதியியல்தான், ஏனென்றால் மோல் (மூலக்கூறு போன்ற நுண்துகள்களை எண்ணும் அலகு), சமன்பாடு, வேதிக் கணக்கீடு எல்லாம் பிளஸ் 1 முதல் பாடத்திலேயே இருக்கின்றன.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் 2, மாலையில் சந்தேகம் கேட்க வருவான். 18 கிராம் தண்ணீர் எத்தனை மோல் என்று கேட்டேன், வாயை மூடுவதற்குள் "ஒண்ணு சார்" என்றான். ஒரு மோலில் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணையும் 6.022 × 10²³ என்று கடகடவென ஒப்பித்தான். சரி, அந்த ஒரு மோல் தண்ணீரைக் கொண்டு வா என்றேன். உள்ளே போய் ஒரு சொம்பு நிறையக் கொண்டு வந்தான்! ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம்தானே, இருமல் மருந்து மூடியில் 10 மில்லி, அப்புறம் 8 மில்லி அளந்து டம்ளரில் ஊற்றிக் காட்டினேன். ஒரு மிடறுகூட இல்லை. "இவ்வளவுதானா?" என்று டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

5 ரூபாய் நாணயம் மூட்டையாக வந்தால் ஒன்றொன்றாகவா எண்ணுவோம், எடை போட்டே எத்தனை என்று சொல்லிவிடலாமே. மோலும் அப்படித்தான். மூலக்கூறை எண்ண முடியாது, நிறுக்கலாம். 18 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறோ, 342 கிராம் சர்க்கரையிலும் அத்தனையேதான், இரண்டுமே ஒரு மோல். இதைச் சொல்லித்தராமல் சூத்திரத்தை மட்டும் எழுதிப் போட்டால் பிள்ளை என்ன செய்யும்?

சமன்பாடு கதை இன்னும் மோசம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதைச் சமன் செய்யச் சொன்னால், H₂O-வுக்கு முன்னால் போட வேண்டிய 2-ஐ ஆக்சிஜனுக்குக் கீழே போட்டு H₂O₂ ஆக்கிவிட்டான். கணக்கு என்னவோ சரியாக வந்துவிட்டது, ஆனால் டம்ளரில் இருப்பது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு! கரிம வேதியியல் வரைக்கும் போய்விட்ட பையன் இவன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிளஸ் 1-இல் ஆய்வகத்துக்குள் இரண்டே தடவைதான் போனானாம்.

கல்வித் துறைக்கு என் கோரிக்கை பெரிதொன்றும் இல்லை. பொதுத்தேர்வு இல்லாவிட்டாலும் பிளஸ் 1 செய்முறை வகுப்பு வாராவாரம் நடக்கிறதா என்று ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போகாமல், இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு மோல் உப்பை நிறுத்துக் காட்டச் சொல்லட்டும். 58.5 கிராம், ஐந்து நிமிட வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திண்டிவனம்