சுகாதார முறைமையைத் துணைப்பாடமாக்குங்கள்: மலையகப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகத்தின் கல்விசார் முடிவுகளை எடுக்கும் மூதவையின் உறுப்பினர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

எல்லாப் பீட மாணவர்களும் சேர்ந்து படிக்கும் துணைப்பாடமாகச் சுகாதார முறைமையை, அதாவது நாட்டின் சுகாதாரச் சேவை எப்படி அமைந்து இயங்குகிறது என்பதை, தொடங்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம். மருத்துவ பீடத்தில் இது ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மருத்துவராகப் போகிறவர்களுக்கு. ஆனால் ஒரு தோட்டத்தில் நோய் பரவும்போது அதை நிறுத்த வேண்டியவர்களில் பலர் மருத்துவர்கள் அல்லர்.

எச் 544 படிவத்தை எடுத்துக்கொள்வோம். அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் என்று சந்தேகம் வந்ததுமே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியசாலை நிரப்பி அனுப்ப வேண்டிய தாள் அது. நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அதை வைத்துத்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைத் தேடிப் போவார். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குச் செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்று வையுங்கள். முகவரிக் கட்டத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, எத்தனையாவது லயம் (தொழிலாளர் வரிசை வீடு), அதில் எந்தக் காம்பரா (அறை) என்று இராது. பெயரும் சிங்களத்தில் ஒரு விதம், ஆங்கிலத்தில் ஒரு விதம். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் விட்டுப்போகும். அதே பெயரில் அந்தத் தோட்டத்தில் மூவர் இருந்தால் யார் வீட்டுக்குப் போவது? இது மருத்துவக் கேள்வி அல்ல. மொழி படித்தவரும் தரவுத்தளம் அமைப்பவரும் சேர்ந்து தீர்க்க வேண்டியது.

வீடு கிடைத்த பிறகு வேலை இன்னும் கூடும். செங்கமாரியை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாள், சராசரி 28 நாள். இன்று கண் மஞ்சளித்தவருக்கு நோய் தந்தது போன மாதம் குடித்த தண்ணீராக இருக்கலாம். ஊற்று எங்கே, தாங்கி எங்கே, கழிப்பறைக் குழி அதற்கு மேட்டிலா பள்ளத்திலா, இடையில் குழாய் எங்கே உடைந்து சேற்றில் கிடக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். பிறகு குளோரின். 5,000 லீற்றர் தாங்கிக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமானால் 10 கிராம் குளோரின். 30 வீத வலுவுள்ள பிளீச்சிங் பவுடரில் 33 கிராம். பை திறந்தபடி கிடந்து வலு 15 வீதமாகக் குறைந்திருந்தால் 67 கிராம். மழைக்குப் பின் கலங்கிய நீரில் அந்தச் சேறே குளோரினைத் தின்றுவிடும். ஆகவே அரை மணி கழித்து, கடைசி லயத்துக் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு வருவதுதான் வழக்கமான தவறு.

தாங்கியைத் திருத்துவது யார், கம்பனியா பிரதேச சபையா? சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடச் சட்டமே தடையாக இருந்தது. 2018இல் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகே வழி திறந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பில் வைத்தது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணத்துக்குக் கொடுத்தது. அதனால்தான் இன்றும் ஒரே லயத்து நோயாளி தோட்ட டிஸ்பென்சரி, மாகாண வைத்தியசாலை, மத்திய அமைச்சின் போதனா வைத்தியசாலை என்று மூன்று நிர்வாகங்களுக்கு இடையில் அலைகிறார். 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். இந்த இடைவெளியைத் தனியொரு பீடத்தால் விளக்க முடியாது என்பதை அழுத்திச் சொல்கிறோம்.

துணைப்பாடத்துக்கு 18 கிரெடிட் போதும். ஒரு கிரெடிட் 50 மணிநேரக் கற்றல் என்பதால் மொத்தம் 900 மணிநேரம். முறைமையின் அமைப்பும் சட்டமும், நோய்ப்பரவலியலும் தரவும், நிதியும் மருந்து வழங்கலும், நீரும் குடியிருப்பும் என நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். மிச்சம் 6 களப்பணிக்கு. இதைக் குறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள பாடங்களைப் பொறுக்கிப் புதுப் பெயர் சூட்டினால் துணைப்பாடம் வராது.

இது கெடுவது பெரும்பாலும் நேரசூசியில். பேராதனையில் அக்பர் பாலத்துக்கு இப்பால் கலைப்பீடம், அப்பால் பொறியியல் பீடம், தவணைகளும் ஒத்துவருவதில்லை. வாரத்தில் ஒரு பிற்பகலை எல்லாப் பீடங்களும் இதற்கென ஒதுக்காவிட்டால் இரண்டாம் வாரமே வகுப்பு பாதியாகும். கலைப்பீட மாணவருக்குப் புள்ளிவிபரவியலையும் பொறியியல் மாணவருக்கு நேர்காணல் முறையையும் முதல் நான்கு வாரத்தில் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

களப்பணிக்கு ஒழுக்கவியல் குழுவின் அனுமதி, பிராந்திய சுகாதாரப் பணிப்பாளரின் அனுமதி, தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் மூன்றும் வேண்டும். முந்தைய அரையாண்டிலேயே விண்ணப்பியுங்கள். காலையில் போனால் லயம் வெறிச்சோடிக் கிடக்கும், மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்த பின் போக வேண்டும். கங்காணியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ மொழிபெயர்ப்புக்கு உட்கார வைத்தால் குடும்பக்கட்டுப்பாடு பற்றி எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டார். தமிழ் தெரிந்த மாணவி ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருக்கட்டும். அறுபது குடும்பமுள்ள பிரிவில் ‘17 வயதுக் கர்ப்பிணி ஒருவர்’ என்று எழுதினால் அது யாரென்று தோட்டமே சொல்லிவிடும். 5க்குக் குறைந்த எண்ணிக்கையை அறிக்கையில் தனித்துக் காட்டக் கூடாது.

அடுத்த மூதவைக் கூட்டத்தில் மூன்றை முடிவுசெய்யுங்கள்: பொதுவான பிற்பகல் எது, பீடங்களுக்கிடையில் பொறுப்பாளர் யார், பட்டச் சான்றிதழில் துணைப்பாடத்தின் பெயர் வருமா. களப்பணி அறிக்கைக்கும் ஒரு விதி வேண்டும். ஆங்கிலப் பிரதி பல்கலைக்கழகத்துக்கு வருமுன், அதன் தமிழ்ச் சுருக்கம் அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் காலையில் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மலையகத்தில் பொதுச் சுகாதாரப் பணியிலும் கற்பித்தலிலும் உள்ளோர்