ஸ்டெப்னி இல்லாத வண்டி

நாமக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்களை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ரெண்டே சீட்டு வண்டி. நாம போனா உங்களை டிக்கியில போட்டுக்கிட்டுப் போவாளா?" என்று கேட்டாள். டிக்கியில் எனக்கு இடம் இருக்காது, அங்கே வைக்க வேண்டிய சாமான் வேறு இருக்கிறது என்றேன். அந்தச் சாமானைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய்.

நீ வாங்கிய 2008 கார்வெட் காரில் இருக்கிற, காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்-ஃபிளாட் டயரைக் கழற்றிவிட்டுச் சாதா டயர் போடலாமா என்று கேட்டாய். போடலாம். எப்படியும் இப்போது இருப்பதைக் கழற்றத்தான் வேண்டும். மூன்றாவது படத்தில் டயர் ஓரத்தில் 3114 என்று தெரிகிறது, பார். 2014-ஆம் வருடம் 31-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். ரோட்டில் படுகிற பட்டன் நன்றாக இருக்கிறதே என்று விற்றவர் சொன்னாராம். பட்டன் இருக்கும், ஏனென்றால் வண்டி ஓடவில்லை. ஓடாத டயருக்கும் வயசாகும். அதுவும் உன் ஃபீனிக்ஸ் வெயிலில்! 2023-இல் ஜூன் கடைசியில் ஆரம்பித்து ஜூலை முடிய 31 நாள் தொடர்ந்து 110 டிகிரிக்குக் குறையாமல் அடித்ததே, நம் கணக்கில் 43-க்கு மேல், அந்த வெயிலிலும் அந்த டயர் நின்றிருக்கிறது. ரப்பர் காய்ந்து கட்டை மாதிரி ஆகியிருக்கும். மழை பெய்தால் வழுக்கும்.

லாரி டயரோடு மல்லுக்கட்டிய ஆள் எனக்கு ரன்-ஃபிளாட் எப்படித் தெரியும் என்று நினைப்பாய். கடையை உன் சித்தப்பா மகனிடம் விட்ட பிறகு ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு பி.எம்.டபிள்யூ வந்து நின்றது. பின் டயரில் காற்றே இல்லை, ஆனால் பார்த்தால் கொஞ்சம் சப்பையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தேன். லாரி டயர்கூட அப்படி இருக்காது. அந்தத் தடித்த பக்கச் சுவர்தான் காற்று போன பிறகு வண்டியைத் தாங்குகிறது. இந்த வகை டயருக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, காற்றில்லாமல் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம். அவர் சேலம் தாண்டியதும் காற்று போயும் அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். பையன்கள் இரண்டு பேர் ஏறி மிதித்தும் டயர் ரிம்மை விட்டு இறங்கவில்லை. ஒருவழியாகக் கழற்றி உள்ளே கையை விட்டால், கை முழுக்கக் கறுப்புத் தூள், மிளகை இடித்த மாதிரி. உள்சுவர் அரைபட்டுப் போயிருந்தது. வெளியே ஒரு கீறல் கிடையாது. "ஆணிதானே, ஒட்டிக் கொடுங்க" என்றார். தூளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை.

நல்லதும் கெட்டதும் அந்த ஒரு டயரிலேயே இருக்கிறது. வீடு வந்து சேர்த்துவிடும். சேர்த்த பிறகு பெரும்பாலும் குப்பைக்குத்தான். விலை அதிகம், எடை அதிகம், குழியில் இறங்கினால் இடுப்பில் அடிக்கும். நல்ல மெஷினும் பழகிய கையும் இல்லாவிட்டால் ஏற்றும்போது ரிம் கெட்டுப்போகும். சாதா டயர் போட்டால் வண்டி மெத்தென்று ஓடும், நீயே உணர்வாய். ஆனால் நாலையும் சேர்த்து மாற்று. முன்னால் ஒரு ஜாதி, பின்னால் ஒரு ஜாதி வேண்டாம்.

உன் வண்டியில் ஸ்டெப்னிக்கென்று ஓர் இடமே வைக்கவில்லை. 1994 கார்வெட்டில் இந்த டயரைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். 1997-இல் வந்த அடுத்த மாடலில் எல்லாருக்கும் அதுதான் என்று ஆக்கி, ஸ்டெப்னியை எடுத்தே விட்டார்கள். உன்னுடையது அதற்கும் அடுத்த மாடல். வாழ்நாளெல்லாம் ஸ்டெப்னி ஸ்டெப்னி என்று சொன்னவன் நான், அது ஒரு தெருவின் பெயர் என்று போன வருடம்தான் படித்தேன். வேல்ஸில் லனெல்லி என்று ஓர் ஊர், அங்கே ஸ்டெப்னி தெரு. 1904-இல் டேவிஸ் என்ற அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வவிடுகிற மாதிரி செய்தார்களாம். அங்கே அந்தச் சொல் போய்விட்டது. நம் லாரிக்காரர்கள்தான் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

சரி, வேறு ஒரு கார் சக்கரத்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்று நீ சொல்வதற்கு முன் கணக்கைப் பார். உன் டயர் அளவு முன்னால் 245/40 18, பின்னால் 285/35 19. முன் சக்கரத்தின் உயரம் 653 மில்லிமீட்டர், பின்னது 682. கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் வித்தியாசம். பின்னால் சின்னச் சக்கரத்தை மாட்டி ஓட்டினால், ஒரு பக்கம் வேகமாகவும் மறு பக்கம் மெதுவாகவும் சுற்றி, இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடேறும். சக்கரத்தை மாட்டுகிற போல்ட்டுகள் நிற்கிற வட்டம் 120.65 மில்லிமீட்டர். 120 வட்டத்துச் சக்கரம் கிடைக்கும், மாட்டினால் உட்காருகிற மாதிரியும் இருக்கும். அந்த 0.65 மில்லிமீட்டரை யாராவது "பரவாயில்லை" என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடு.

ஆக, ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதில் ஒரு பை. 12 வோல்ட்டில் ஓடுகிற நல்ல காற்றுப் பம்பு, டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஒரு குறடு, தலையில் மாட்டுகிற விளக்கு, கையுறை, குடிக்கத் தனியாக 4 லிட்டர் தண்ணீர். அப்புறம் ஒரு தடித்த சாக்கு அல்லது பழைய கால்மிதி. சிரிக்காதே. உன் ஊர்த் தார் ரோட்டில் கோடை மத்தியானம் முழங்கால் ஊன்றினால் தோல் வெந்துவிடும். வெறும் ரோட்டில் விழுந்தவர்களே தீக்காய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஸ்பிரே டப்பா வாங்காதே. காற்றழுத்தத்தோடு அடைத்த டப்பாவை 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிறுத்திய கார் அதை ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடும். பாட்டிலில் வருகிற பஞ்சர் திரவம் வேண்டுமானால் வைத்துக்கொள், தேதி பார்த்து மாற்று. அதை ஊற்றினால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றுகிற பையன் மேலெல்லாம் தெறிக்கும், உன்னை வாழ்த்த மாட்டான். சக்கரத்துக்குள் காற்றை அளக்கிற சென்சரும் அடைத்துக்கொள்ளலாம்.

சென்சர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒன்று இருக்கிறது, அதற்கு உள்ளேயே பேட்டரி. அந்த வயசு வண்டியில் அது இன்றோ நாளையோ போகும். டயர் இறங்கியிருக்கும்போதே நாலையும் புதிதாகப் போட்டுவிடு. டேஷ்போர்டில் நாலு சக்கரத்தின் காற்றும் எண்ணாக வரும், 30 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்தது. ஓடிச் சூடான பிறகு ஏறிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்காதே.

இப்போது ஆணி ஏறிவிட்டது என்று வை. முதலில், ஆணியைப் பிடுங்காதே. நான் கடை வைத்த காலத்தில் பாதிப் பேர் கையில் லாட ஆணியை வைத்துக்கொண்டுதான் வருவார்கள், "இதுதாங்க ஏறியிருந்துச்சு" என்று, ஏதோ சாதித்த மாதிரி. அந்த ஆணிதான் அதுவரை மூடியாக இருந்தது. மெதுவாக இறங்குகிறது என்றால் ஆணியோடேயே காற்றடித்து, எண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கடைக்குப் போ. அடிக்கிற காற்று நிற்கவில்லை என்றால்தான் கிட்டை எடு.

வண்டி அவ்வளவு தாழ்வு, பின் டயர் அவ்வளவு அகலம், படுத்தாலும் உள்ளே தெரியாது. சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். வண்டியை அரை அடி அரை அடியாக நகர்த்தி, ஆணி பின்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவா. முன் டயர் என்றால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலே போதும். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு குறடால் இழு. துருவுகிற ஊசியையும் அதே சாய்வில் விடு, நேராகக் குத்தினால் புது ஓட்டை விழும். கிட்டில் இருக்கிற ரப்பர் ஸ்ட்ரிப்பை இன்னொரு ஊசியின் காதில் நடுவாக மாட்டிப் பசை தடவி, ஒரு சென்டிமீட்டர் வால் வெளியே நிற்கிற வரை அழுத்து. பிறகு வெடுக்கென்று இழு. மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். காற்றடித்து, எச்சில் தொட்டு வை. குமிழி வரவில்லை என்றால் கிளம்பு, ஆனால் வேகம் வேண்டாம். ஊருக்குள் போய் டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டவை. இதெல்லாம் நடுப் பட்டனில் சின்ன ஆணிக்கு மட்டும்தான். 6 மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டை, அல்லது ஓரம், பக்கச் சுவர் என்றால் யாரும் ஒட்டக் கூடாது, அப்பாவும்தான்.

ஜாக்கியை நீ போடவே போடாதே என்றுதான் சொல்வேன். போட்டே ஆக வேண்டும் என்றால் வீட்டு வாசலில், சமதரையில், எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துப் போடு. அடியில் சேஸில் நீள்வட்ட ஓட்டைகள் இருக்கும், அதில் உட்காருகிற ரப்பர்க் குமிழ் விற்கிறார்கள், அங்கே மட்டும்தான் தூக்க வேண்டும். இந்த வண்டியின் தரையில் இரண்டு தகட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொம்மை விமானம் செய்வார்களே, அந்த மரம். கண்ட இடத்தில் ஜாக்கி வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கடையிலும் பக்கத்தில் நின்று பார். நட்டை ஏர் கன் வைத்துக் கடைசி வரை முறுக்க விடாதே. முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச்சில் 100 அடி-பவுண்டு என்று வைக்கச் சொல். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நீயே ஒரு தரம் சரிபார்.

போன வருடம் உன் பழைய வண்டியில் லாஸ் ஏஞ்சலஸ் போனோமே, வழியில் டோனோபா ஊர் தாண்டிக் குவார்ட்ஸைட் ஊர் வரை பாலைவன ரோடு. அந்த 120 கிலோமீட்டரில் நான் எண்ணிக்கொண்டே வந்தேன், ஆள் இருக்கிற இடம் எத்தனை என்று. அம்மா தூங்கிவிட்டாள், உனக்கும் தெரியாது. இந்த வண்டியில் அந்த ரோட்டில் தனியாகப் போகும்போது டயர் வெடித்தால் பையை எடுக்காதே. அமெரிக்காவில் டிரைவர் பக்கம்தான் லாரி உரசிக்கொண்டு போகிற பக்கம். அங்கே குந்தி உட்கார்ந்து எந்த வேலையும் செய்யக் கூடாது. அடுத்த எக்ஸிட் தெரிகிறதா, லைட்டைச் சிமிட்டவிட்டு 20 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டே போ. டயர் கிழியட்டும், ரிம் வளையட்டும்.

என் கடைக்கு வாடிக்கையாக வருகிற டிரைவர் ஒருவர் இருந்தார். லோடு வண்டி, ராத்திரி, பின்னால் உள் டயர் போய்விட்டது. ஒரு கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க். அதுவரை ஓட்டினால் டயர் பிய்ந்துவிடும், சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று ரோட்டு ஓரத்திலேயே ஜாக்கி போட்டிருக்கிறார். பின்னால் வந்த பஸ்காரருக்கு அவர் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த டயர் என் கடைக்கு வந்தது. தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன், ஒரே ஓர் இடத்தில் குமிழி. ஐந்து நிமிட வேலை.

வண்டி நகரவே இல்லையென்றால் வலது பக்கக் கதவால் இறங்கி, தண்ணீரை எடுத்துக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று போன் செய். இழுத்துக்கொண்டு போகிற வண்டி வேண்டாம், மேலே ஏற்றிப் போகிற ஃபிளாட்பெட் அனுப்பு என்று சொல். இன்னொன்று, அந்த வண்டிக் கதவு பட்டனில் திறப்பது. பேட்டரி போனால் திறக்காது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கீழே தரையில் கையால் இழுக்கிற ஒரு பிடி இருக்கும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய் ஒரு தரம் இழுத்துப் பார்.

அம்மா கறிவேப்பிலைப் பொடி அனுப்புகிறாள். பார்சலில் என் பழைய காற்று மீட்டரும் இருக்கும், பித்தளையில் செய்தது. டேஷ்போர்டு எண்ணை அதோடு ஒத்துப் பார்த்துக்கொள்.

புது டயரை ஏற்றுவதற்கு முன்னால் நாலு டயரிலும் செய்த வாரமும் வருடமும் சொல்கிற அந்த நாலு எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கொடு. உனக்கும் எனக்கும் பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம், அங்கே கடை திறக்கும்போது இங்கே ராத்திரி. பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அப்பா