சீரியலை விடுவது அவ்வளவு இளப்பமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் சில இந்த 40 நாளும் டிவி, சினிமா, செல்போனை ஒதுக்கிவைப்பதைப் பற்றி எழுதியிருந்தார்கள். நல்ல விஷயம்தான் என்று படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரி: 'சோற்றைத் துறக்க முடியாதவர்கள் இப்போது சீரியலைத் துறக்கிறார்கள்.' மோனை நன்றாக விழுந்திருக்கிறது. எழுதியவர் அந்த வரியை முடித்த கையோடு ஒரு டீ சொல்லியிருப்பார். நீங்களும் அதைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கேபிள் டிவி நடத்துகிறவன். கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்த காலத்திலிருந்து இதுதான் தொழில். கத்தோலிக்கன். தவக்காலம் வந்தால் எனக்கு வசூல் குறையும், அதனால் இந்த விஷயத்தில் என்னைவிட நேர்மையான சாட்சி உங்களுக்குக் கிடைக்க மாட்டார். யார் லைனை வெட்டச் சொல்கிறார்கள், யார் பத்தாம் நாள் போன் போட்டு மறுபடி கேட்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் கட்டுரையாளர் யாரிடம் கேட்டு எழுதினார் என்று தெரியவில்லை.

முதலில் சோற்று விஷயம். தங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு உண்ணும் நோன்பு, கட்டாயமாக இருப்பது ஆண்டில் இரண்டே நாள்தான், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் கறி இல்லாத சுத்தபோசனம். சட்டம் கேட்பது இவ்வளவுதான். எங்கள் ஊர்க் கிழவிகள் எழுபதைத் தாண்டிய பிறகும், 'வேண்டாம் பாட்டி, உனக்கு விலக்கு உண்டு' என்று ஃபாதர் சொன்னாலும் கேட்காமல், தவக்காலத்து வெள்ளி எல்லாம் ஒருவேளைக் களியோடு நிற்கிறார்கள். அவர்களுக்குச் சோறு ஒரு பொருட்டே இல்லை, பழகிப் போய்விட்டது. அதே பாட்டிகளில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, 'ஒன்பது மணி நாடகத்தை மட்டும் என்னால் விட முடியலை தம்பி, நீயே லைனை வெட்டிட்டுப் போ, நடுவில் நான் கேட்டாலும் குடுக்காதே' என்றார். இதில் எது கஷ்டம், எது சுலபம் என்று கட்டுரையாளர் தீர்ப்புச் சொல்லட்டும்.

லைனை வெட்டச் சொல்லும் வீட்டில்தான் ஒருசந்தியும் இருக்கிறது. ஒன்றை விட முடியாததால் இன்னொன்றை விட்டவர்களை நான் பார்த்தது இல்லை. இந்த 2026ஆம் ஆண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. டி20 உலகக் கோப்பை பிப்ரவரி 7 தொடங்கி மார்ச் 8 வரை, அதுவும் நம் நாட்டிலும் இலங்கையிலும். மேட்ச் நடக்கும்போது ஓர் ஆம்பளை தானாக வந்து 'லைன் வேண்டாம்' என்றால் அந்த மனுஷனைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. சில வீடுகளில் அந்த மாதக் கேபிள் பணத்தைத் தவக்கால உண்டியலில் போடுகிறார்கள். என் பணம்தான் அது. எனக்கே கோபம் வரவில்லை, உங்களுக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

இன்னொன்றையும் கேட்கிறேன். மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு வந்தால் இதே லைனை வெட்டச் சொல்லி இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லா வீட்டுப் பெற்றோரும் வருகிறார்கள். உங்கள் பத்திரிகையிலேயே மனநல மருத்துவர் படத்தோடு 'தேர்வு முடியும் வரை டிவியை அணையுங்கள் பெற்றோரே' என்று அரைப் பக்கம் போட்டீர்கள். மார்க்குக்காக அணைத்தால் பொறுப்பான பெற்றோர், ஆண்டவருக்காக அணைத்தால் சோற்றை விட முடியாதவர்கள். மாலை போட்ட ஐயப்ப பக்தர் 41 நாள் சினிமாக் கொட்டகை பக்கம் போகாமல் இருந்தால் அதை விரதம் என்றே எழுதுகிறீர்கள். எழுத வேண்டியதுதான். எங்கள் தெருவிலும் மாலை போடுகிறார்கள், அந்த நாட்களில் அவர்கள் கேட்டாலும் லைனை வெட்டித் தருகிறேன்.

கட்டுரையின் கடைசியில் இதை 'மேல்நாட்டிலிருந்து வந்த புது ஃபேஷன்' என்றும் ஒரு போடு போட்டிருக்கிறார். புதுசா? போன வருஷம் தவக்காலத் தியானத்தில் ஒரு ஃபாதர் சொன்னார்: கி.பி. 399 வாக்கில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தில் ஜனங்கள் வெள்ளிக்கிழமை குதிரைப் பந்தயத்துக்கும் மறுநாள் நாடகக் கொட்டகைக்கும் ஓடிவிட்டார்கள் என்று ஆயர் யோவான் கிறிசோஸ்தோம் மனம் நொந்து பிரசங்கம் செய்திருக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தத் தகராறு இருந்திருக்கிறது. அப்போது கேபிள் இல்லை, அதனால் பழி என் மேல் வரவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் இருக்கும் கோவிலுக்குள் ஒரு ஞாயிறு எட்டிப் பார்த்திருக்கலாம். தவக்காலம் முழுக்கப் பூசையில் அல்லேலூயா கிடையாது. ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' கீதம் பாடுவதில்லை. பீடத்தில் பூ வைப்பதில்லை, நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் மட்டும் விலக்கு. கீபோர்டு பாட்டுக்குத் துணையாக வாசிக்கலாம், தனியாக வாசித்துக் காட்டக் கூடாது. பெரிய வியாழன் மாலை அடித்த மணி அதன்பின் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரை வாய் திறக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். கல்யாணமும் வைக்க மாட்டோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மண்டபக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோவிலே பாட்டையும் பூவையும் மணியையும் விட்டுவிட்டு உட்காரும் நாளில் வீட்டில் மட்டும் ராத்திரி பதினொரு மணி வரை டிவி அலற வேண்டுமா என்று எங்கள் அம்மா காலத்திலிருந்தே கேட்டிருக்கிறார்கள். அப்போது வீட்டில் இருந்தது ரேடியோ. அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார்கள்.

போப் பிரான்சிஸ் 2020 பிப்ரவரி 26 அன்று, அது திருநீற்றுப் புதன், டிவியை அணைத்துவிட்டு பைபிளைத் திறங்கள், செல்போனை விட்டு நற்செய்தியோடு தொடர்பு வையுங்கள் என்று பேசினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்தது. கோவில் பூட்டு. அந்த மார்ச் 27ஆம் தேதி மழையில் ஆள் இல்லாத வத்திக்கான் பேதுரு சதுக்கத்தில் அதே போப் நின்று ஜெபித்ததை எங்கள் ஜனங்கள் டிவியிலும் போனிலும்தான் பார்த்தார்கள். குருத்தோலை ஞாயிறும் உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டரும் அப்படித்தான் போயின. லைனை வெட்டச் சொன்ன வீடுகளே பூசை பார்க்கத் திரும்பக் கேட்டன. மாஸ்க் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் டிவி பெட்டியைப் பேய் என்று நினைப்பவர்கள் இல்லை. எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பது தங்கள் கையில் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது பெருமையடிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். டிவி அணைத்த வீட்டில் அன்பு பொங்கும் என்று கட்டுரைகளில் எழுதுவார்கள், முதலில் வருவது சண்டை. அப்பாவுக்கு மேட்ச் இல்லை, பையனுக்கு ரீல்ஸ் இல்லை, முதல் வாரம் ஆளுக்கு ஆள் வள்ளென்று விழுவார்கள். நீங்கள் நோன்பு இருப்பதே வழக்குக்கும் சண்டைக்கும்தானா என்று ஏசாயா 58ஆம் அதிகாரம் கேட்கிறது. ஏழைக்குச் சோறு போடாத நோன்பை எனக்குக் காட்டாதே என்ற அர்த்தத்திலும் அதே அதிகாரத்தில் வருகிறது. கட்டுரையாளர் எங்களைக் குத்த வேண்டுமானால் அங்கிருந்து குத்தியிருக்கலாம், நியாயமாக இருந்திருக்கும், நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். லைனை வெட்டிவிட்டு ராத்திரி முழுக்கப் போனில் படம் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதியிருந்தாலும் சரி.

ஆனால் அந்தக் கட்டம் கட்டிய வரிக்கு இரண்டு பக்கம் தள்ளி 'இந்த வாரம் ஓடிடியில்' என்று முழுப் பக்கம். அதற்கு எதிரில் நடிகை பேட்டி. நீங்களும் நானும் ஒரே சரக்கைத்தான் விற்கிறோம், ஆசிரியரே. வாங்க மாட்டேன் என்று சொல்லும் வாடிக்கையாளரை நான் திட்டுவதில்லை.

சரி, எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் வருகிறது. பெரிய வெள்ளியன்று மக்கள் 'ஒருவருக்கொருவர் வாழ்த்துத் தெரிவித்து மகிழ்ந்தனர்' என்று ஒரு வருஷம் செய்தி போட்டீர்கள். சாவு வீட்டில் யாராவது வாழ்த்துச் சொல்வார்களா? இன்னொரு வருஷம் உங்கள் போட்டோகிராபர், சிலுவை சுமந்து ஜெபித்துச் செல்லும் சிலுவைப்பாதையை நடுவில் நிறுத்தி, சிலுவை தூக்கியவரை இரண்டடி பின்னால் போய் மறுபடி வரச் சொன்னார். கிறிஸ்துமஸ் வந்தால் கேக் செய்முறை, ஈஸ்டர் வந்தால் முட்டை செய்முறை, அதைத் தாண்டி எங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லையா? கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். உங்கள் பக்கத்தில் எங்கள் மாவட்டத்து எலத்தகிரி இன்னும் 'தர்மபுரி அருகே' இருக்கிறது. எங்கள் மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதி) பெயர் தர்மபுரிதான், 1997இல் சேலத்திலிருந்து பிரித்தது, இரண்டு மாவட்டமும் அதில் வரும். அதனால் குழம்பினீர்கள் என்றால் மன்னிக்கலாம். ஆனால் மாரியம்மன் திருவிழாச் செய்தியிலும் 'தர்மபுரி அருகே' என்றுதானே போட்டீர்கள்? இதையெல்லாம் சொல்லி முன்பு எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கி, என் ஊரையும் மாற்றிப் போட்டீர்கள். நன்றி.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மறுப்போ மன்னிப்போ வேண்டாம். ரம்ஜான் நோன்புக்கு சஹர், இஃப்தார் நேரம் தினமும் போடுகிறீர்கள், எங்கள் தெரு பாய்கள் அதைப் பார்த்துத்தான் நோன்பு திறக்கிறார்கள், நல்ல காரியம். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் வெள்ளிக்கிழமை மட்டும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பங்குகளில் சிலுவைப்பாதை எத்தனை மணிக்கு என்று இரண்டு வரி போட்டால் போதும். வேலை முடிந்து ஓசூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எந்தக் கோவிலில் இறங்கலாம் என்று தெரியும். நேரத்தை நானே வியாழன்தோறும் கேட்டு அனுப்பிவைக்கிறேன். உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5, அதனால் சீக்கிரம் தொடங்கினால் நல்லது.

இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் போடுவீர்கள், இடப் பற்றாக்குறை எனக்கும் புரியும். வெட்டும்போது எலத்தகிரி வரியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
கேபிள் தொழில் செய்யும் வாசகன்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.